தாயமும் பல்லாங்குழியும்

(நமது பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற இல்ல விளையாட்டுப் போட்டிகளைத் தொடங்கி வைத்துப் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழாக் குழு கூடிய முதல் நாளே விளையாட்டுப் போட்டிகளைப் பற்றிப் பேச்சு எழுந்தது. கபடி, கைப்பந்து, கயிறிழுப்பு என்றவுடன் எல்லாரும் தலையசைத்தார்கள். கேரம், சதுரங்கம் என்றபோதும் மறுப்பில்லை. தாயமும் பல்லாங்குழியும் வைக்கலாம் என்று மாதர் சங்கத்தார் சொன்னபோதுதான் சலசலப்பு உண்டாயிற்று. "சாமி, கோயில் விழாவிலே தாயம் உருட்டலாமா? ஆண்டவருடைய அங்கிக்குச் சீட்டுப் போட்டவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியாததா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். இன்று இந்த மேடையிலேயே விடை சொல்வதாக வாக்களித்திருந்தோம். ஆகவே இது போட்டியின் தொடக்க உரையும் ஆகும். அந்தப் பெரியவருக்கு மறுமொழியும் ஆகும்.

முதலில் விளையாட்டைப் பற்றியே பேசுவோம். இறையியல் சற்றுப் பொறுத்து வரட்டும்.

தாயம் என்றால் என்ன என்று இங்கே கூடியிருக்கும் தாய்மார்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. ஆனால் மறைக்கல்வி வகுப்பில் கேட்டுப் பார்த்ததில், பிள்ளைகளில் பலர் அதைக் கண்ணால் கண்டதே இல்லை என்று தெரிந்தது. அவர்களுக்காகச் சொல்கிறோம். ஏழுக்கு ஏழு கட்டம். சிறிய ஆட்டத்துக்கு ஐந்துக்கு ஐந்து. பலகை வாங்க வேண்டியதில்லை. சுண்ணாம்புக் கட்டியாலோ கரித்துண்டாலோ தரையில் கீறினால் போதும். உருட்டுவதற்குப் பித்தளைத் தாயக்கட்டை இரண்டு. அது இல்லாதவர்களுக்கு ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய புளியங்கொட்டை. நம் கரையிலே சோழி. காய்க்கு வளையல் துண்டு, சிப்பி, கூழாங்கல் எதுவும் ஆகும். தாயம், அதாவது ஒன்று, விழுந்தால்தான் காய் இறங்கும். வீட்டுக்குப் பெரியவர் அரை மணி நேரம் உருட்டியும் தாயம் விழாமல் முகம் சிவந்து உட்கார்ந்திருப்பார். பாலர் வகுப்புப் பொடியன் முதல் உருட்டிலேயே தாயம் போட்டு இறங்கிவிடுவான். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மீண்டும் உருட்டலாம். குறுக்குக் கோடு போட்ட கட்டத்துக்கு மலை என்று பெயர். அங்கே நிற்கிற காயை யாரும் தொடக்கூடாது. மலைக்கு வெளியே அகப்பட்ட காய் வெட்டுப்படும். வெட்டுப்பட்ட காய் மறுபடியும் தாயத்துக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். எதிரியின் காய் ஒன்றையாவது வெட்டாதவன் உள்சுற்றுக்குள் நுழைய முடியாது என்பது பல வீடுகளின் விதி. சுற்றி முடித்து நடுக்கட்டம் சேர்ந்த காய் பழம்.

இதில் என்ன இன்பம் என்று கேட்டால், இரண்டு இருக்கிறது என்போம். எண்ணைத் தருவது சோழி; எந்தக் காயை நகர்த்துவது என்று தீர்மானிப்பவன் மனிதன். மலையில் பத்திரமாக நிற்கிற காயை நகர்த்தி ஓடுவதா, ஓடுகிற காயைக் காப்பாற்ற இன்னொன்றைப் பலி கொடுப்பதா என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசிப்பார்கள். முழுவதும் அதிர்ஷ்டமாக இருந்தால் அறிவுள்ளவனுக்குச் சலித்துப்போகும். முழுவதும் அறிவாக இருந்தால் பாட்டியும் பேரனும் ஒரே கட்டத்தின் முன்னே உட்கார முடியாது. எட்டு வயதுப் பிள்ளை அறுபது வயதுக்காரரை நேர்மையாகவே தோற்கடிக்கக்கூடிய இடம் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது?

மற்றொன்று, ஆட்டம் தொடங்குமுன் நடக்கிற வழக்கு. தாயத்தின் விதிகள் வீட்டுக்கு வீடு மாறும். மருமகள் பிறந்த வீட்டில் ஒரு விதி; மாமியார் வீட்டில் இன்னொரு விதி. "எங்க ஊர்ல மூணு பன்னிரண்டு தொடர்ந்து விழுந்தா எல்லாம் அழிஞ்சிரும்", "இங்கே அப்படிக் கிடையாது தாயி" என்று பேசி முடித்த பிறகுதான் சோழியைக் கையில் எடுப்பார்கள். நம் தமிழில் தலையில் எழுதியதற்கும் விதி என்றுதான் பெயர். நாமே கூடிப் பேசி வைத்துக்கொண்ட ஒழுங்குக்கும் விதி என்றுதான் பெயர். தாயக் கட்டத்தில் அந்த இரண்டும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கின்றன.

சோழியைப் பற்றி ஒரு வார்த்தை. இது சாதாரணக் கிளிஞ்சல் அல்ல. தூத்துக்குடித் தோணிகள் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிச் சென்று வந்ததை நம்மில் பலர் அறிவோம். அந்த மாலத்தீவின் சோழிதான் ஒரு காலத்தில் வங்காளத்திலும், கடல் கடந்து மேற்கு ஆப்பிரிக்காவிலும் நாணயமாக வழங்கியது. வங்காளத்தில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரையில் ஏழைகள் கடைக்குச் சோழி கொண்டு போனார்கள். அடிமை வாணிகத்திலும் அது கைமாறியது என்பது வரலாற்றின் கறை. மனிதனை விலைக்கு வாங்கிய அதே சோழி, நம் வீட்டுத் திண்ணையில் ஒரு காசுக்கும் உதவாத விளையாட்டுப் பொருளாகக் கிடக்கிறது. அது அப்படிக் கிடப்பதே நமக்கு மகிழ்ச்சி.

இனி நம் முன்னோரின் தொழிலைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். முத்துக்குளிப்பு என்பது என்ன? காலிலே கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, பாரில் இறங்கி, ஒரு நிமிடத்துக்குள் கைக்கு அகப்பட்ட சிப்பியைக் கூடையில் அள்ளிக்கொண்டு மேலே வருவது. மேலே கயிற்றைப் பிடித்திருப்பவன் பெரும்பாலும் மைத்துனனாக இருப்பான். தன் சகோதரியின் தாலிக்காகவாவது கயிற்றைக் கெட்டியாகப் பிடிப்பான் என்று கரையில் சொல்வார்கள். அள்ளிய சிப்பியில் அரசுக்கு மூன்றில் இரண்டு பங்கு. குளித்தவருக்கு மூன்றில் ஒரு பங்கு. கரைக்கு வந்த சிப்பி திறக்கப்படாமலே ஆயிரக் கணக்கில் ஏலம் போகும். உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதைதானா என்று விற்றவனுக்கும் தெரியாது, வாங்கியவனுக்கும் தெரியாது. அழுகவிட்டுக் கழுவிப் பார்க்கும்போது ஒருவன் பணக்காரனாவான். பக்கத்தில் இருப்பவன் கையில் நாற்றம்தான் மிஞ்சும். பார்களில் சிப்பியே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் குளிப்பு நடக்காமல் போனதும் உண்டு. 1955இல் தொடங்கி ஆண்டுதோறும் நடந்த குளிப்பு 1961உடன் நின்றது. அதன்பிறகு மன்னார் வளைகுடாவில் பெருமுத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனால் வலை வீசுகிறவனின் பிழைப்பு மட்டும் வேறாகிவிட்டதா? டீசல் போட்டு, ஐஸ் ஏற்றி, விடியுமுன் போகிறவன் எதைக் கொண்டு வருவான் என்று யார் அறிவார்?

இப்படி நாள்தோறும் கடலோடு தாயம் உருட்டியவர்கள், மாலையில் கரையேறி வந்து, ஏன் மறுபடியும் உட்கார்ந்து தாயம் உருட்டினார்கள்? பிழைப்பிலே படுகிற அலைச்சல் போதாதா?

இதை நாம் வெகுநாள் யோசித்தோம். நமக்குத் தோன்றிய விடை இது. கடலில் விழுகிற எண் வீட்டு அடுப்பைத் தொடும். சில நாள் உயிரையே தொடும். கட்டத்தில் விழுகிற எண் ஒருவரையும் தொடாது. வெட்டுப்பட்ட காய் கரையேறிக் காத்திருக்கும்; தாயம் விழுந்தால் மறுபடியும் இறங்கும். பகலெல்லாம் தன்னை ஆட்டிவைத்த அதே அதிர்ஷ்டத்தை, மாலையில் ஒரு முழச் சதுரத்துக்குள் அடைத்து, அதன் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறான் மனிதன். இதற்கு மேல் ஓய்வு வேறு உண்டா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருமழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. தெருவெல்லாம் வெள்ளம்; மின்சாரம் இல்லை; கைப்பேசிகள் செத்துக் கிடந்தன. நமது பள்ளியின் மாடியில் குடும்பங்கள் தங்கியிருந்தபோது, இரண்டாம் நாள் சாயங்காலம் யாரோ கரும்பலகைச் சுண்ணாம்பை எடுத்துத் தரையில் கட்டம் கீறினார்கள். கீழே வீட்டுச் சாமானெல்லாம் மிதக்கிறது; மேலே "பன்னிரண்டு! பன்னிரண்டு!" என்று கூச்சல். அடுத்தடுத்த தெருவில் இருந்தும் மாதக்கணக்காகப் பேசாதிருந்த இரண்டு குடும்பத்தார் ஒரே கட்டத்தில் காய் வைத்து ஆடினதை நாம் படியில் நின்று பார்த்தோம். அவர்கள் அதன்பிறகு பேசிக்கொள்கிறார்களா என்று கேட்காதீர்கள். ஒருவர் காயை ஒருவர் வெட்டியபோது நன்றாகவே பேசிக்கொண்டார்கள்.

பல்லாங்குழிக்கு வருவோம். ஒரு பக்கம் 7 குழி, மறுபக்கம் 7 குழி. குழிக்கு ஐந்து காயாக 70 காய். சோழியோ புளியங்கொட்டையோ மஞ்சாடியோ போடுவார்கள். ஒரு குழியை அள்ளி, குழிக்கு ஒன்றாக இட்டுக்கொண்டே போய், கடைசிக் காய் விழுந்ததும் அடுத்த குழியை அள்ளி மறுபடியும் இட வேண்டும். அடுத்தது வெறுங்குழியானால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கடுத்த குழியில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். ஆட்டத்தின் நடுவே ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தால் அது பசு. குழிக்கு உடையவர் எடுத்துக்கொள்வார். ஆடத் தெரிந்த பாட்டிமாரைக் கவனித்திருக்கிறீர்களா? காயை எண்ணுவதே இல்லை. விரல் நுனிக்குக் கணக்குத் தெரியும். எந்தக் குழியிலே தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று நான்கு சுற்றுக்கு முன்பே கண்டுகொள்வார்கள். பேத்தி அழப்போகிறாள் என்று தெரிந்தால், வேண்டுமென்றே உதவாத குழியிலிருந்து எடுத்து ஆடுவார்கள். அதற்குத் தனித் திறமை வேண்டும்.

பாளையங்கோட்டைக்காரரான பேராசிரியர் தொ. பரமசிவன் அவர்கள் 'அறியப்படாத தமிழகம்' என்னும் நூலில் இந்த விளையாட்டைப் பற்றி எழுதியிருக்கிறார். எல்லாருக்கும் சமமாகக் காய் கொடுத்துத் தொடங்குகிற ஆட்டம், ஒருவர் கையில் குவியலும் மற்றவர் கையில் வெறுமையுமாக முடிகிறது. தனிச்சொத்தும் ஏற்றத்தாழ்வும் சமுதாயத்தில் இயல்பானவை என்று மனத்தைப் பழக்குகிற விளையாட்டு இது என்பது அவர் பார்வை. படித்தபோது நமக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. முதல் சுற்றில் தோற்றவள், அடுத்த சுற்றில் தன் குழிகள் அனைத்தையும் நிரப்பக் காய் இல்லாமல், சில குழிகளை வெறுமையாகவே விட்டு ஆட வேண்டும். குறைந்த குழி உள்ளவள் மேலும் குறைவாள். நம் ஊர்களில் கடன்பட்ட குடும்பங்களின் கதை இதுவே அன்றோ?

ஆனால் ஒன்றை நாம் சேர்த்துச் சொல்வோம். ஆட்டம் முழுவதும் முடிந்ததும் என்ன செய்கிறார்கள்? வென்றவள் தன் குவியலை மடியிலே கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவதில்லை. எல்லாக் காயையும் தரையில் கொட்டி, மறுபடியும் குழிக்கு ஐந்து, குழிக்கு ஐந்து என்று இருவருக்கும் நிரப்புகிறார்கள். லேவியர் ஆகமம் 25ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். ஐம்பதாம் ஆண்டு வரும்போது எக்காளம் ஊத வேண்டும். விற்றுப்போன நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். அடிமைப்பட்டவன் தன் வீட்டுக்குப் போக வேண்டும். அதற்குத்தான் யூபிலி என்று பெயர். நாம் கொடியேற்றித் தோரணம் கட்டிக் கொண்டாடுகிற பொன்விழாவின் மூலப் பொருள் அதுவே. அந்தச் சட்டத்தை இஸ்ரயேலர் முழுமையாகக் கடைப்பிடித்தார்களா என்று விவிலிய அறிஞர்கள் ஐயப்படுகிறார்கள். நம் பாட்டிமார் ஒரு நாளில் மூன்று தடவை கடைப்பிடித்திருக்கிறார்கள்.

ஆடுபுலியைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. 3 புலி, 15 ஆடு. புலி தாண்டிக் கொல்லும். ஆட்டுக்குக் கொல்லத் தெரியாது, நெருக்கி நின்று அடைக்கத்தான் தெரியும். புலிப் பக்கம் ஆடுவதற்கே பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள். பழகினவர்கள் ஆட்டைக் கேட்டு வாங்குவார்கள். பரமபதம் நம் இந்துச் சகோதரர்கள் வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்து ஆடுவது. ஆங்கிலேயர் அதை எடுத்துக்கொண்டு போய்ப் பாம்பும் ஏணியுமாக்கித் திரும்ப நமக்கே விற்றார்கள்.

கேரம் வேறு சாதி. அங்கே சோழி இல்லை, அதிர்ஷ்டம் இல்லை, கண்ணும் விரலும்தான். வெள்ளை 9, கறுப்பு 9, சிவப்பு ஒன்று. இந்தக் கரையில் இளைஞர் மன்றம் என்றாலே ஒரு கேரம் பலகையும், மேலே தொங்குகிற ஒரு பல்பும், போரிக் மாவு படிந்த விரல்களும்தான் நினைவுக்கு வரும். சிவப்பைப் போட்டவன் உடனே இன்னொரு காயைப் போட்டு அதை உறுதி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் சிவப்பு நடுவுக்குத் திரும்பிவிடும். திருமுழுக்குக்குப் பிறகு உறுதிபூசுதலும் தேவை என்பதை இதைக் காட்டி விளக்கிய ஒரு பேராசிரியர் நமக்குக் குருமடத்தில் இருந்தார். அவருடைய இறையியலைவிட அவருடைய அடி நேராகப் போகும்.

இந்த ஆட்டத்தில் நம்மவர் பெருமை சிறியதன்று. பன்னாட்டுக் கேரம் கூட்டமைப்பு 1988இல் சென்னையில்தான் தொடங்கப்பட்டது. சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் அவர்கள் 1991லும் 1995லும் உலகப் பட்டம் வென்று அர்ச்சுனா விருது பெற்றார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் வடசென்னை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள் காசிமா மூன்று தங்கம் வென்று வந்தார். இதையெல்லாம் கேட்டபின்னும் கேரத்தை வேலையற்றவர்களின் விளையாட்டு என்று சொல்கிற தகப்பன்மார் இருக்கிறார்கள். நமது போட்டியில் பெண் பிள்ளைகளும் பெயர் கொடுக்க வேண்டும் என்று இங்கேயே கேட்டுக்கொள்கிறோம்.

குருமடத்தில் இரவு உணவுக்குப் பின் அரை மணி நேரம் பொழுதுபோக்கு. மணி அடித்தால், அடுத்த காய் குழியின் வாயிலேயே நின்றாலும், அப்படியே விட்டு எழுந்து செபத்துக்குப் போக வேண்டும். அந்த நாளில் எங்களுக்குச் சொல்லப்பட்ட கதை ஒன்று உண்டு. புனித அலோசியுஸ் கொன்சாகா விளையாடிக்கொண்டிருந்தபோது, "இதோ இந்த நொடியே உலகம் முடியப்போகிறது என்றால் என்ன செய்வாய்?" என்று கேட்டார்களாம். "விளையாடிக்கொண்டே இருப்பேன்" என்றாராம். இதே கதையைப் புனித சார்லஸ் பொரோமேயுவின் பெயரிலும் சொல்வார்கள். யார் சொன்னால் என்ன. செபிக்க வேண்டிய நேரத்தில் செபித்தவர்தான் அந்த விடையைத் தைரியமாகச் சொல்ல முடியும்.

சதுரங்கம் இந்தப் பாரத நாட்டில் பிறந்து உலகைச் சுற்றிய ஆட்டம். 1961இல் மானுவேல் ஆரோன் அவர்கள் இந்தியாவின் முதல் பன்னாட்டு மாஸ்டர் ஆனார்; 1988இல் விசுவநாதன் ஆனந்த் முதல் கிராண்ட் மாஸ்டர்; 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாடு; 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயது குகேஷ் உலகப் பட்டம். எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. தெரியாத ஒன்றைச் சொல்கிறோம். அவிலா நகர்ப் புனித தெரேசம்மாளைச் சதுரங்கம் ஆடுவோரின் பாதுகாவலியாக ஸ்பெயின் நாட்டில் ஏற்றிருக்கிறார்கள். தம் கன்னியருக்கு எழுதிய 'நிறைவாழ்வின் வழி' என்ற நூலில், விண்ணக அரசரைக்கூட மடக்கக்கூடிய காய் ராணி என்றும், அந்த ராணி தாழ்ச்சியே என்றும் கருத்துப்பட எழுதினார். மடத்துப் பெண்ணுக்கு இந்த ஆட்டம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்களே என்று தாமே கூச்சப்படுகிறார். பிறகு நூலைத் திருத்தி எழுதியபோது அந்தப் பகுதியை எடுத்தும்விட்டார். இன்னொன்று: நாம் மந்திரி என்று சொல்கிற காய்க்கு ஆங்கிலத்தில் ஆயர் என்று பெயர். அவர் எப்போதும் கோணலாகத்தான் போவார். நமது ஆயர் பேரவையில் அப்படி ஒருவரும் இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறோம்.

நிற்க. பெரியவருடைய கேள்விக்கு வருவோம்.

ஆண்டவருடைய அங்கிக்குச் சீட்டுப் போட்டார்கள் என்பது உண்மையே. ஆனால் யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்துகொள்ளத் திருத்தூதர்களும் செபித்துவிட்டுச் சீட்டுத்தான் போட்டார்கள். திருத்தூதர் பணிகள் முதல் அதிகாரத்தில் இருக்கிறது. குற்றம் சீட்டில் இல்லை. சிலுவையின் அடியில் ஒரு மனிதன் உயிர் விடும்போது, அவனுடைய உடைமையைப் பங்கு போட்டார்களே, அதில்தான் இருக்கிறது. செக்கரியா இறைவாக்கினர் மீட்கப்பட்ட எருசலேமைப் பாடும்போது, அதன் தெருக்களிலே சிறுவரும் சிறுமியரும் நிறைந்து விளையாடுவதைத்தான் அடையாளமாகக் காட்டுகிறார்.

பெரியவர் பக்கத்தில் ஒரு பெரிய புனிதரும் நிற்கிறார் என்பதை மறைக்க மாட்டோம். புனித பிரான்சிஸ் சலேசியார் 1609இல் வெளியான தம் பக்தி நூலில் சதுரங்கம் போன்றவற்றுக்கு இடம் கொடுக்கிறார், அளவோடு. பகடையைக் கூடாது என்கிறார். பரிசு உழைப்புக்கும் திறமைக்கும் போகாமல் குருட்டு அதிர்ஷ்டத்துக்குப் போகிறதே என்பது அவர் காரணம். புனிதரோடு வாதாட நமக்குத் தகுதியில்லை. ஆனாலும் அவர் கண்ட பகடை, பணப்பை திறந்து கிடந்த மேசையின் பகடை. நம் பாட்டியின் தாயத்தில் பரிசே கிடையாது. யாருக்குப் போனால் என்ன?

புனித தோமா அக்குவினாரோ விளையாட்டை ஒரு நற்பண்பின் கீழ் வைத்துப் பேசுகிறார். உடல் களைத்தால் உறக்கம் வேண்டுவதுபோல் மனம் களைத்தால் விளையாட்டு வேண்டும் என்பது அவர் கருத்து. அங்கே ஒரு பழைய கதையையும் சொல்கிறார். புனித அருளப்பர் தம் சீடரோடு விளையாடுவதைக் கண்டு சிலர் முகம் சுளித்தார்களாம். அவர்களில் வில் வைத்திருந்த ஒருவனைப் பார்த்து அம்பு எய்யச் சொன்னார். எய்தான். இன்னும், இன்னும் என்றார். ஓயாமல் இப்படியே எய்ய முடியுமா என்று கேட்டார். வில் ஒடிந்துவிடும் என்றான். மனமும் அப்படியே என்றாராம். விளையாட்டே வேண்டாம் என்று கடுகடுத்திருப்பவரையும் தோமா குற்றத்தில்தான் சேர்க்கிறார். இது யாரையும் குறித்துச் சொன்னதன்று.

பணம் வைத்து ஆடுவதைப் பற்றி 1992இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2413ஆம் எண்ணில் தெளிவாகப் பேசுகிறது. அதிர்ஷ்ட விளையாட்டு தன்னிலே அநீதி ஆகாது; ஒருவனுடைய தேவைக்கும் அவனை நம்பியவர்களின் தேவைக்கும் வேண்டியதைப் பறிக்கும்போது ஏற்க முடியாததாகிறது; அதன் வெறி மனிதனை அடிமையாக்கிவிடும். வள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கினார். தருமன் கதையையும் அறிவோம்.

1542இல் இந்தக் கரைக்கு வந்த நம் புனித சவேரியார் சூதாடிகளை எப்படி நடத்தினார் என்பதையும் பாருங்கள். கப்பலில் அவர்கள் ஆடும்போது விரட்டாமல் அருகில் போய் உட்காருவாராம். தன் பணத்தையும், பிறர் நம்பிக் கொடுத்த பணத்தையும் தோற்றுவிட்டு மனமுடைந்து நின்ற ஒரு போர்வீரனுக்கு, அவரே பிறரிடம் கடன் வாங்கிக் கொடுத்து, சீட்டைத் தம் கையால் கலைத்துத் தந்தார் என்றும், இழந்தது முழுவதும் அவனுக்குத் திரும்பியது என்றும், அதன்பின் அவன் சூதையே விட்டான் என்றும் அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். சவேரியாரின் புதுமையை எதிர்பார்த்து யாரும் ஆட்டத்தில் இறங்க வேண்டாம்.

இதைச் சிரிப்பாகச் சொன்னாலும், நமக்குச் சிரிப்பு வரவில்லை. வீடு சந்திக்கப் போகும்போது சில ஆண்டுகளாக ஒரே கதையைக் கேட்டு வருகிறோம். பெயர் வேண்டாம், தெருவும் வேண்டாம். படகுக்குப் போகிற பையன் இரவெல்லாம் போர்வைக்குள் கைப்பேசியில் ரம்மி ஆடுகிறான். முதலில் நூறு ரூபாய் வருகிறது. பிறகு அக்காளின் நகை போகிறது. பிறகு தங்கை கல்யாணத்துக்குச் சேர்த்தது போகிறது. பிறகு அவன் முகத்தில் விழிக்கவே வீட்டார் அஞ்சுகிறார்கள். தமிழ்நாட்டில் 2022இல் சட்டம் இயற்றப்பட்டது, வழக்குகள் நடந்தன, 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளையே தடை செய்து சட்டம் நிறைவேற்றியது. நல்லதே. ஆனால் சட்டம் கடையைத்தான் பூட்டும். பையனின் கை சும்மா இருக்காது. வேறு வாசல் தேடும். அந்தக் கைக்கு நாம் என்ன கொடுக்கப் போகிறோம்?

அந்த ஆட்டத்தையும் தாயத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டிலும் காத்திருப்பு உண்டு, படபடப்பு உண்டு, "இன்னும் ஒரு ஆட்டம்" என்ற ஆசையும் உண்டு. ஆனால் அங்கே எதிரில் ஆள் இல்லை. தோற்றவனைப் பார்த்துச் சிரிக்கவும் ஆள் இல்லை; "போதும்டா, சாப்பிட வா" என்று சட்டையைப் பிடித்து இழுக்கவும் ஆள் இல்லை. விதியைக் கூடிப் பேசி வைத்தவர்கள் அங்கே கிடையாது. யாரோ எழுதி வைத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே போன காய் திரும்பி வராது. குழிக்கு ஐந்து என்று மறுபடி நிரப்புகிற கை அங்கே இல்லை.

ஆகவே இந்தப் போட்டிகளை ஏதோ நேரம் போக்குவதற்காக மட்டும் வைக்கவில்லை என்பதை விளங்கிக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையில் 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். கையில் காசு இல்லை, வேலையும் இல்லை. அந்த 61 நாளும் பங்கு மண்டபத்தை மாலை ஐந்து முதல் ஒன்பது வரை திறந்து வைப்பது என்று பங்குப் பேரவையில் முடிவு செய்திருக்கிறோம். கேரம் பலகை நான்கு, சதுரங்கம் ஆறு வாங்கியாயிற்று. பல்லாங்குழி, தாயக்கட்டை உள்ளவர்கள் பரணில் தேடிப் பார்த்துக் கொண்டுவந்து கொடுத்தால் பெயர் எழுதி வைத்துப் பயன்படுத்துவோம்.

போட்டிக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. பணப் பரிசும் இல்லை. பரிசுக்குப் பணம் தர முன்வந்த இருவரிடமும் அதைச் சோழியும் பலகையும் வாங்கித் தரும்படி கேட்டுக்கொண்டோம். தாயத்தில் இருவர் ஓர் அணி: ஒருவர் 60 வயதுக்கு மேல், மற்றவர் 15 வயதுக்குக் கீழ். எந்தத் தாத்தாவுக்கு எந்தப் பிள்ளை என்பது குலுக்கலில் தீரும். தன் பேரனே வேண்டும் என்று யாரும் கேட்கக் கூடாது. மத்தியாவைத் தேர்ந்த முறைதான். சீட்டை எடுக்கும் பொறுப்பை, குழுவில் கேள்வி எழுப்பிய அதே பெரியவர் ஏற்க இசைந்திருக்கிறார்.

தாய விதிகளில் பிறந்த வீடு, புகுந்த வீடு என்ற வழக்கு வராதபடி, மாதர் சங்கத்தார் மூன்று நாள் கூடிப் பேசி 14 விதிகளை எழுதியிருக்கிறார்கள். மூன்று பன்னிரண்டு விழுந்தால் அழியுமா என்பதில் மட்டும் உடன்பாடு வரவில்லை. அதை ஒவ்வொரு கட்டத்தின் முன்னும் ஆடுபவர்களே பேசிக்கொள்ளலாம். கைப்பேசிகளை வாசலில் உள்ள ஓலைப் பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டும். கேரம் பலகையில் மாவை அள்ளிக் கொட்ட வேண்டாம். சென்ற வாரம் ஒரே நாளில் ஒரு டப்பா தீர்ந்துவிட்டது. முதல் ஆட்டம் நாளை செபமாலை முடிந்ததும் தொடங்கும். பெயர் கொடுக்காதவர்கள் இன்றிரவுக்குள் உபதேசியாரிடம் கொடுக்கலாம்.